முதல் கேமிங் கணினி: 12,000 ராண்டுக்குள் எதை எடுப்பது, எதை விடுவது?

சாட்ஸ்வர்த் மாணவன்:

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பல்கலைக்கழக முதலாண்டு படிக்கிறேன். தங்கையோடு பங்குபோட்டுக்கொண்ட பழைய மடிக்கணினியைத் தவிர எனக்கென்று கணினி இருந்ததில்லை. விடுமுறையில் வேலை பார்த்துச் சேர்த்ததும் தாத்தா கொடுத்ததுமாக 12,000 ராண்ட் கையில் இருக்கிறது. மானிட்டரும் இதற்குள்ளேயே அடங்க வேண்டும். வீட்டில் இனி ஒரு காசும் கேட்க முடியாது. கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2, ஜிடிஏ 5, கால்பந்து ஆகிய மூன்றுதான் நான் ஆடுபவை. புதிதாக வரும் பெரிய விளையாட்டுகளில் எப்போதாவது ஒன்றை ஆடிப் பார்க்கவும் ஆசை உண்டு. பாகங்களை வாங்கி நானே பூட்டுவதாக இருக்கிறேன்.

இப்போதைக்கு நான் போட்டு வைத்திருக்கும் பட்டியல் இதுதான்: கிராபிக்ஸ் கார்டாகப் புதிய ஆர்டிஎக்ஸ் 4060, செயலியாக ரைசன் 5 5500, ஒரே ஸ்டிக்காக 8 ஜிபி ரேம், சேமிப்புக்கு 500 ஜிபி எஸ்எஸ்டி, 500 வாட் பவர் சப்ளை உள்ளேயே பூட்டி வரும் கேபினட். இவற்றுக்குப் பிறகு மானிட்டருக்கு மிஞ்சுவது ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பதால் கூடத்திலுள்ள தொலைக்காட்சியிலேயே இணைத்துக்கொள்ளலாமா என்றும் யோசிக்கிறேன். குறைகளைத் தயங்காமல் சொல்லுங்கள்.

இசிபிங்கோ பட்டறை:

தம்பி, கணினி பழுதுபார்ப்பதுதான் என் தொழில். அந்தப் பட்டியலில் முதலில் அடிக்க வேண்டியது கேபினட்டோடு சேர்ந்து வரும் பவர் சப்ளை. கிராபிக்ஸ் கார்டுக்குப் பாதிப் பணத்தைக் கொட்டிவிட்டு, அதற்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியை இலவச இணைப்பாக எடுத்துக்கொள்வது இந்த நாட்டில் செய்யக்கூடாத சிக்கனம்.

அத்தகைய பெட்டியைக் கையில் எடுத்தாலே எடையில் வித்தியாசம் தெரிந்துவிடும். மூடியைக் கழற்றினால் மின்சாரம் நுழையும் இடத்தில் வடிகட்டிச் சுருளுக்கும் கபாசிட்டருக்கும் அச்சிட்ட இடம் இருக்கும், பாகம் இருக்காது. அந்த இடத்தில் வெறும் கம்பித் துண்டைப் போட்டுப் பற்றவைத்திருப்பார்கள். பக்கத்தில் ஒட்டிய தாளில் 500 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருந்தாலும், அதே தாளில் 12 வோல்ட் வரிசைக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். செயலியும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் அந்த வரிசையிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. அங்கே 20 ஆம்பியர் என்று இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது 240 வாட்தான். மீதியெல்லாம் நீங்கள் அதிகம் பயன்படுத்தாத வரிசைகளின் கணக்கு.

லோட் ஷெடிங் (அட்டவணை போட்டு மின்சாரத்தை நிறுத்துவது) காலத்தில் என் மேசைக்கு வந்த கணினிகளில் பெரும்பாலானவை மின்சாரம் போனபோது கெட்டவை அல்ல, திரும்பி வந்தபோது கெட்டவை. தெரு முழுவதும் குளிர்பெட்டியும் கீசரும் ஒரே நொடியில் உயிர்பெறும்போது மின்னழுத்தம் தாழ்ந்தும் எகிறியும் ஆடும். நல்ல பவர் சப்ளை அந்த ஆட்டத்தைத் தாங்கும், அல்லது தான் மட்டும் அணைந்துகொள்ளும். மட்டமானதோ சாகும்போது மதர்போர்டையும் எஸ்எஸ்டியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். 2024 மார்ச் இறுதியிலிருந்து லோட் ஷெடிங் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது உண்மைதான். ஆனால் 2025-இன் தொடக்க மாதங்களில் அது சில நாள்கள் திரும்பி வந்ததையும் பார்த்தோம். தவிர, நம் பகுதிகளில் கேபிள் திருட்டும் டிரான்ஸ்ஃபார்மர் பழுதும் அரசு மின் நிறுவனமான எஸ்காமின் அட்டவணையைப் பார்த்தா வருகின்றன?

பெயர் தெரிந்த நிறுவனத்தின் 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (வெண்கலத் தரம்), ஐந்தாண்டு உத்தரவாதம்: உங்களுக்கு இவ்வளவே போதும். 80 பிளஸ் முத்திரை மின் சிக்கனத்தை மட்டுமே சொல்கிறது, பாதுகாப்பை அல்ல. ஆகவே அதிக மின்னழுத்தம், அதிக மின்னோட்டம், குறுக்குச்சுற்று ஆகியவற்றுக்கு எதிரான பாதுகாப்பு அதில் உண்டா என்று தயாரிப்பாளரின் பக்கத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். 750 வாட் என்று யாராவது பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 4060 எடுப்பது 115 வாட், உங்கள் செயலி 65 வாட் வகை. எல்லாம் சேர்ந்தும் முந்நூறைத் தொடாது.

லெனேசியா இரவுக்கண்:

என் கருத்து வேறு. அலுவலகங்கள் மொத்தமாகக் கழித்துவிடும் டெல், எச்பி கணினிகள் ஜொகன்னஸ்பர்க்கில் மிக மலிவாகக் கிடைக்கின்றன. டர்பனிலும் கிடைக்கும் என்றே நினைக்கிறேன். இன்டெல்லின் ஆறாம் தலைமுறை ஐ5 செயலி உள்ள ஒன்றை வாங்கி, மதர்போர்டின் ஸ்லாட்டிலிருந்து கிடைக்கும் 75 வாட்டிலேயே ஓடும் ஜிடிஎக்ஸ் 1650 கார்டு ஒன்றைச் செருகினால் தம்பி சொன்ன மூன்று விளையாட்டும் ஓடிவிடும். பாதிப் பணம் மிஞ்சும். மாணவனுக்கு அது போதாதா? நான் இரண்டு ஆண்டுகளாக அப்படித்தான் ஆடுகிறேன்.

மாரிட்ஸ்பர்க் நிரலாளர்:

இரவுக்கண் அண்ணன் சொல்வது 2022-இல் நல்ல யோசனை. இப்போது அதில் ஒரு பெரிய ஓட்டை விழுந்துவிட்டது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பது, சில விதிவிலக்குகளைத் தவிர, இன்டெல்லில் எட்டாம் தலைமுறையையும் அதற்குப் பிந்தியவற்றையும்தான். குறுக்கு வழியில் நிறுவ முடியும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் வேலரன்ட் போன்ற விளையாட்டுகளின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள், விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இயங்காவிட்டால் விளையாடவே விடாது. இன்றைக்கு அந்தத் தம்பிக்கு வேலரன்ட் வேண்டாம்; நண்பர்கள் கூப்பிட்டால் நாளைக்கு வேண்டியிருக்கும்.

இன்னொன்று. அந்த அலுவலகக் கணினிகள் பலவற்றில் பவர் சப்ளையின் வடிவமும் மதர்போர்டில் செருகும் முனையும் அந்தந்த நிறுவனத்துக்கே உரியவை. பிறகு வலுவான கார்டு வாங்க நினைத்தால் பவர் சப்ளை, அதற்காக மதர்போர்டு, அதற்காகக் கேபினட் என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டிவரும். எட்டாம் தலைமுறை ஐ5 8500 உள்ள முழு உயரக் கோபுரப் பெட்டி கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம். அதில் ஆறு கோர்கள் உண்டு. ஒல்லிப் பெட்டிகள் பக்கமே போக வேண்டாம்.

தம்பிக்கு: பட்டியலை எல்லாரும் கிராபிக்ஸ் கார்டிலிருந்து தொடங்குகிறார்கள். மானிட்டரிலிருந்து தொடங்குங்கள். கூடத்துத் தொலைக்காட்சி பெரும்பாலும் நொடிக்கு 60 படத்துக்கு மேல் காட்டாது, கேம் மோட் இல்லாத தொலைக்காட்சியானால் மவுஸ் அசைவுக்கும் திரை அசைவுக்கும் இடையே கைக்குத் தெரியும் அளவு தாமதம் இருக்கும். கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கில் அந்தத் தாமதத்தோடு ஆடுவது வீண். (குடும்பமே தொடர் பார்க்கும் நேரத்தில் தொலைக்காட்சி உங்களுக்குக் கிடைக்குமா என்ற கேள்வியை நான் கேட்கவில்லை.) 24 அங்குலம், 1080பி தெளிவு, 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 100 படம்) அல்லது அதற்கு மேல் உள்ள ஐபிஎஸ் வகைத் திரைக்கு 2,000 ராண்ட் அளவில் ஒதுக்குங்கள். 1080பி என்று முடிவான பிறகு அதற்கு மேல் தெளிவுக்கான கார்டு உங்களுக்குத் தேவையில்லை என்பதும் அதோடு முடிவாகிவிடும். அங்கேதான் பணம் மிஞ்சும்.

அடுத்தது ரேம். 2025 பிற்பகுதியிலிருந்து உலகெங்கும் அதன் விலை ஏறியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை மொத்தமாக அள்ளிக்கொள்கின்றன. மைக்ரான் நிறுவனம், வீட்டுப் பயனாளர்களுக்கான குரூஷியல் வணிகத்திலிருந்தே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. டிடிஆர்5 என்ற புதிய வகை ரேம் கட்டாயமாகத் தேவைப்படும், ஏஎம்டியின் புதிய செயலிகளுக்கான ஏஎம்5 மதர்போர்டு இந்தத் தொகைக்குள் பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணம். ஏஎம்5-க்கு 2027 வரையிலும் அதற்கு அப்பாலும் புதிய செயலிகள் வரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது, மேம்படுத்த இடமும் உண்டு. ஆனாலும் நாளைய மேம்பாட்டுக்காக இன்றைய கார்டைப் பலிகொடுக்க 12,000 ராண்டில் வழியில்லை.

ஆகவே என் பரிந்துரை: செயலி, மதர்போர்டு, ரேம் மூன்றையும் ஒரே கட்டாகப் பயன்படுத்திய சந்தையில் தேடுங்கள். ஏஎம்5-க்கு மாறுகிறவர்கள் அதற்கு முந்திய ஏஎம்4 கட்டை அப்படியே விற்கிறார்கள், ரேமைத் தனியாக விலைபேசுவதில்லை. ரைசன் 5 5600, பி550 போர்டு, இரண்டு 8 ஜிபி ஸ்டிக் என்பது நல்ல கட்டு. இன்டெல் பக்கம் ஐ5 12400எஃப் கட்டு கிடைத்தால் அதுவும் சரியே.

சாட்ஸ்வர்த் மாணவன்:

ஐயா, அக்கா, அண்ணன், மூவருக்கும் நன்றி. பவர் சப்ளையையும் தொலைக்காட்சியையும் அடித்துவிட்டேன். இரண்டு ஐயங்கள். ஒன்று, 5500-க்கும் 5600-க்கும் பெயரில் 100-தான் வித்தியாசம். இரண்டுக்கும் ஆறு கோர், பன்னிரண்டு திரெட். பிறகு ஏன் 5600? மற்றொன்று, பயன்படுத்திய கிராபிக்ஸ் கார்டை நம்பி வாங்கலாமா? என் உறவினர் ஒருவர் முகநூலில் பார்த்து வாங்கிய கார்டு வீட்டுக்கு வந்த மறுநாளே படம் காட்டவில்லை. விற்றவர் எண்ணை மாற்றிவிட்டார்.

மாரிட்ஸ்பர்க் நிரலாளர்:

முதல் கேள்விக்கு நான். 5600-இல் எல்3 கேஷ் (செயலிக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகம்) 32 எம்பி, 5500-இல் 16 எம்பி. கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் போல நொடிக்கு நூற்றுக்கணக்கான படங்களைக் கேட்கும் விளையாட்டில் செயலி திரும்பத் திரும்பத் தேடும் தரவு அந்தக் கேஷுக்குள் இருந்தால் வேகம். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் ரேம் வரை போய்வர வேண்டும். மேலும் கார்டுக்குத் தரவு போய்வரும் இணைப்பாக 5500 பிசிஐஇ 3.0 மட்டுமே தருகிறது. இந்த விலைத் தளத்திலுள்ள கார்டுகள் பல எட்டு லேன்களோடு (தரவுத் தடங்கள்) மட்டுமே வருவதால், ஒவ்வொரு தடமும் வேகமான பிசிஐஇ 4.0 இருந்தால் நல்லது. அதே காரணத்தால் நான்கு லேன் மட்டுமே உள்ள ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியை 5500-உடன் சேர்த்து யாராவது கட்டாக விற்றால் வாங்காதீர்கள்.

இசிபிங்கோ பட்டறை:

இரண்டாவது கேள்வி என்னுடையது. நம்பி வாங்கக் கூடாது, பார்த்து வாங்கலாம்.

எந்தக் கார்டு என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் தேவைக்கு ஆர்எக்ஸ் 6600 போதும்; 2021 அக்டோபரில் வந்தது, 8 ஜிபி நினைவகம், 132 வாட், ஒரே ஒரு எட்டு முனைக் கேபிள். கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க முடிந்தால் 12 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 3060. ஆர்எக்ஸ் 580 மலிவாகக் கிடைக்கிறது என்று மயங்க வேண்டாம். அந்தத் தலைமுறை 2017-ஐச் சேர்ந்தது. டிரைவர் புதுப்பிப்பும் 2023-க்குப் பிறகு அவசியத் திருத்தங்களோடு சுருங்கிவிட்டது. அதிலும் 2048எஸ்பி என்ற பின்னொட்டு உள்ளது, பெயர் மாற்றிய ஆர்எக்ஸ் 570-தான். புதிய விளையாட்டுகள் சில ரே டிரேசிங் (ஒளிக்கதிர்களைக் கணக்கிட்டு வரைவது) வசதி இல்லாத கார்டில் தொடங்கவே மறுக்கின்றன என்பதால் ஜிடிஎக்ஸ் 16 வரிசையையும் நான் சொல்ல மாட்டேன். இன்டெல்லின் ஆர்க் பி580 விலைக்கு நல்ல கார்டு, ஆனால் வலுக்குறைந்த செயலியோடு சேர்ந்தால் அது தளர்ந்துவிடுகிறது. 5600-உடன் அதைச் சேர்க்க எனக்கு மனமில்லை.

இனிப் பார்க்கும் முறை. விற்பவர் கார்டைக் கணினியிலிருந்து கழற்றுவதற்கு முன்பே போய்விடுங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் உள்ளே இருப்பது உண்மையில் எந்தச் சில்லு, எத்தனை ஷேடர் (கணக்கிடும் அலகு), எவ்வகை நினைவகம் என்பது தெரியும். கார்டின் பயாஸை (உள்ளே பதிந்த மென்பொருளை) மாற்றிப் பழைய கார்டுக்குப் புதுப் பெயர் சூட்டுவோர் இதில்தான் பிடிபடுவார்கள். பிறகு ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருள் அல்லது ஏதேனும் ஒரு கனமான விளையாட்டைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, வெப்பம் ஒரு நிலையில் நின்றுவிடுகிறதா, ஏறிக்கொண்டே போகிறதா என்று கவனியுங்கள். திரையில் சிறு சதுரங்களோ வண்ணப் பொட்டுகளோ மின்னினால் நினைவகம் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். விலையைக் குறைத்தாலும் வேண்டாம். விசிறி சுழலும்போது உரசும் ஒலி வந்தால் விசிறியை மாற்றும் செலவைக் கழித்துப் பேசலாம்.

நம் கடற்கரைக்கென்று ஒரு சோதனை உண்டு. கார்டைக் கழற்றிக் கையில் வாங்கி, பின்பக்கத் தகட்டின் திருகுகளையும் எச்டிஎம்ஐ முனையின் ஓரத்தையும் கைவிளக்கு அடித்துப் பாருங்கள். பழுப்புத் துருவும், அலுமினிய இதழ்களில் வெள்ளைப் பொடியும் இருந்தால் அந்தக் கார்டு பிளஃப் பக்கமோ அமன்சிம்டோட்டி பக்கமோ திறந்த ஜன்னலருகே உப்புக் காற்றில் இருந்திருக்கிறது. வெளியே தெரிவது அவ்வளவு என்றால் பலகையின் ஈயப் பற்றுகளிலும் அது வேலையைத் தொடங்கியிருக்கும். ஜொகன்னஸ்பர்க் போன்ற மேட்டுநிலத்துக் கார்டில் தூசி இருக்கும், இது இருக்காது. தூசியைத் துடைத்துக்கொள்ளலாம்.

முன்பின் தெரியாதவர் வீட்டுக்குப் பணத்தோடு போவது சரியல்ல. வணிக வளாகத்தில் சந்தித்தால் கார்டை ஓட்டிப் பார்க்க வழியில்லை. இரண்டுக்கும் நடுவே, பழுதுபார்க்கும் கடை ஒன்றில் சந்திப்பதாகப் பேசிக்கொள்ளுங்கள். சிறு கட்டணத்துக்குச் சோதனை மேசையைத் தருவார்கள். அதற்கு வரமாட்டேன் என்கிறவரிடம் வாங்கவே வேண்டாம்.

மாரிட்ஸ்பர்க் நிரலாளர்:

சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். கடையில் வாங்கும் பொருள் ஆறு மாதத்துக்குள் பழுதானால் பழுதுநீக்கம், மாற்றுப் பொருள், பணம் ஆகிய மூன்றில் எது வேண்டும் என்று தேர்ந்துகொள்ளும் உரிமையை 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வாங்குபவருக்கே தருகிறது. கடைக்காரர்கள் பலர் உத்தரவாத அட்டையை மட்டும் காட்டிப் பழுதுநீக்கத்தோடு முடித்துக்கொள்ளப் பார்ப்பார்கள். இணையக் கடையில் வாங்கினால், பொருள் கைக்கு வந்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம், திருப்பி அனுப்பும் செலவு மட்டும் நம்முடையது; அது 2002-ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம். தன் பழைய கார்டை ஒருமுறை விற்கும் தனியாளிடம் இந்த இரண்டும் செல்லாது. எனவே என் வரிசை: பவர் சப்ளை, எஸ்எஸ்டி, மானிட்டர் ஆகியவை கடையில் புதியதாக, செயலிக் கட்டும் கிராபிக்ஸ் கார்டும் பயன்படுத்தியதாக.

வெளிநாட்டுத் தளத்தில் மலிவாகத் தெரிவதை வாங்கும் முன் சுங்கச் செலவையும் 15 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரியையும் கூட்டிப் பாருங்கள். உத்தரவாதத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டிவந்தால் கப்பல் ஏறியது ஏறியதுதான்.

லெனேசியா இரவுக்கண்:

விண்டோஸ் விஷயத்தில் தங்கை சொல்வதை ஏற்கிறேன். என் கணினியும் அந்தச் சிக்கலில்தான் நிற்கிறது. யுபிஎஸ் பற்றி ஒருவரும் பேசவில்லையே? எங்களுக்குக் கோடையில் மாலைதோறும் இடி. சர்ஜ் (மின்னழுத்த எகிறல்) பாதுகாப்புள்ள மல்டிபிளக் போட்டிருக்கிறேன். ஆனாலும் வானம் கறுத்தால் சுவரிலிருந்து பிளக்கையும் ஃபைபர் பெட்டியின் கேபிளையும் கையால் உருவிவிடுகிறேன்.

இசிபிங்கோ பட்டறை:

உருவுவதுதான் சரி. சர்ஜ் பலகைக்குள் இருக்கும் பாகம் ஒவ்வொரு அடியிலும் தேய்கிறது. பல பலகைகளில் அது செத்த பிறகும் மின்சாரம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். பாதுகாப்பு விளக்கு அணைந்திருந்தால் பலகையை மாற்றிவிடுங்கள்.

யுபிஎஸ் வாங்குவோர் அட்டையிலுள்ள விஏ (வோல்ட்-ஆம்பியர்) எண்ணை வாட் என்று எண்ணிக்கொள்கிறார்கள். 650 விஏ என்றால் பொதுவாக 360 வாட் அளவுதான் கிடைக்கும். தம்பியின் கணினிக்கும் மானிட்டருக்கும் அது பொருந்தும். சில நிமிடம் தாங்கும், ஆட்டத்தை விட்டு வெளியேறி முறையாக அணைக்க அது போதும். லோட் ஷெடிங் காலத்தில் வாங்கிய, சக்கரம் வைத்த இன்வெர்ட்டர் வீட்டில் இருந்தால், அது தருவது சுத்தமான சைன் அலையா (சுவர் மின்சாரம் போலச் சீராக ஏறி இறங்குவதா) என்று பாருங்கள். படிக்கட்டு அலை தரும் மலிவு இன்வெர்ட்டரில் சில பவர் சப்ளைகள் உறுமும், சில அணைந்துவிடும். பணம் போதவில்லை என்றால் யுபிஎஸ்ஸை அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாம். பவர் சப்ளையைத் தள்ள முடியாது.

சாட்ஸ்வர்த் மாணவன்:

ஏறக்குறைய முடித்துவிட்டேன். ஃபீனிக்ஸில் ஒருவர் ஏஎம்5-க்கு மாறியதால் 5600, பி550, 16 ஜிபி ரேம் கட்டை விற்றார். ஆர்எக்ஸ் 6600 டோங்காட்டில் கிடைத்தது. ஐயா சொன்னபடி பழுதுபார்க்கும் கடையில் வைத்து ஓட்டிப் பார்த்தேன். முதலில் பார்த்த வேறொரு கார்டின் திருகுகளில் அதே பழுப்புத் துரு இருந்ததால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பவர் சப்ளை 550 வாட், 1 டிபி எஸ்எஸ்டி, 24 அங்குல 100 ஹெர்ட்ஸ் மானிட்டர் மூன்றும் கடையில் புதியவை. கேபினட் மட்டும் நண்பன் வீட்டுக் கொட்டகையிலிருந்தது, கழுவி எடுத்தேன். யுபிஎஸ்ஸுக்குப் பணம் மிஞ்சவில்லை.

எல்லாவற்றையும் பூட்டி விண்டோஸ் நிறுவியாகிவிட்டது. ஆனால் எதிர்பார்த்த வேகம் இல்லை. கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் நொடிக்கு இருநூறு படம் என்று எண்ணைக் காட்டுகிறது, கண்ணுக்கோ பழைய மடிக்கணினி போலவே இருக்கிறது. ரேமின் வேகமும் 2133 என்று காட்டுகிறது; வாங்கியது 3200.

மாரிட்ஸ்பர்க் நிரலாளர்:

இரண்டுமே அமைப்பில் உள்ளவை, பாகத்தில் குறையில்லை. விண்டோஸின் காட்சி அமைப்புக்குள் மேம்பட்ட காட்சி என்ற பகுதியில் புதுப்பிப்பு வேகம் 60 என்று இருக்கும். அதை 100 ஆக்குங்கள். அங்கே 100 தெரியவில்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள், மானிட்டரோடு வந்த டிஸ்ப்ளேபோர்ட் கேபிளே நல்லது. ரேமுக்கு, கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில் எக்ஸ்எம்பி அல்லது டிஓசிபி என்ற பெயரிலுள்ள முன்னமைப்பை இயக்குங்கள். இரண்டு ஸ்டிக்குகளும் செயலியிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் செருகியிருந்தால் இரட்டைத் தடம் (இரண்டும் ஒரே நேரத்தில் தரவு தருவது) கிடைக்காது.

சாட்ஸ்வர்த் மாணவன்:

மூன்றுமே சரியாகிவிட்டன. ஸ்டிக்குகள் நீங்கள் சொன்னபடியே பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன. ஜொகன்னஸ்பர்க் சர்வரில் ஆடினேன், தாமதமும் குறைவு. இப்போது வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது.

இசிபிங்கோ பட்டறை:

மகிழ்ச்சி, தம்பி. ஒன்று மட்டும். உங்கள் பவர் சப்ளை கேபிளைக் கழற்றக்கூடிய வகை என்றால், மிஞ்சிய கேபிள்களை அதன் பெட்டியிலேயே போட்டு வையுங்கள். பிற்பாடு வேறு நிறுவனத்தின் பவர் சப்ளை வாங்கினால் இந்தக் கேபிள்களை அதில் செருகவே கூடாது. முனை பொருந்தும், உள்ளே கம்பிகளின் வரிசை வேறாக இருக்கும், 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் எஸ்எஸ்டி எரிந்துவிடும்.